குண்டு விழுந்த எல்லை

கடலூரை ஒட்டியுள்ள ஊர்களில் ஒன்றுக்குக் குண்டு உப்பலவாடி என்று பெயர். பெயரின் முன்னால் நிற்கும் ‘குண்டு’ பீரங்கிக் குண்டு என்பதே வழிவழியாகச் சொல்லப்படும் விளக்கம். தேவனாம்பட்டினத்துக் கோட்டையைச் சூழ்ந்திருந்த ஊர்களைப் பீரங்கிக்குண்டுக் கிராமங்கள் என்று அழைக்கும் வழக்கம் ஆங்கிலேயரிடமும் இருந்தது. ஒரு நிலத்தை விற்கும்போது கிழக்கே வாய்க்கால், மேற்கே வண்டிப்பாதை, வடக்கே இன்னாருடைய புன்செய் என்று நான்கெல்லை குறிப்பது தமிழ்நாட்டுப் பத்திரங்களின் பழைய முறையாக இருக்க, இந்தக் கடற்கரையில் மட்டும் எல்லை வகுக்கும் வேலை ஒரு பீரங்கியிடமும், அதன் குண்டை வழியெல்லாம் தடுத்து நிறுத்திய காற்றிடமும் ஒப்படைக்கப்பட்டிருந்தது.

1677இல் செஞ்சி சிவாஜியின் கைக்கு வந்தபோது, கெடிலம் ஆறு கடலில் கலக்குமிடத்துக்கு அருகே தேவனாம்பட்டினத்திலிருந்த சிறு கோட்டையும் மராட்டியர் வசமாயிற்று. பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, முகலாயப் படையின் நெருக்கடிக்கு இடையே செஞ்சியிலிருந்து ஆண்ட சிவாஜியின் மகன் ராஜாராமிடமிருந்து, சென்னையில் எலிஹு யேல் ஆளுநராக இருந்த காலத்தில், ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி அக்கோட்டையை விலைக்கு வாங்கிப் புனித டேவிட் கோட்டை என்று பெயர் சூட்டியது. கோட்டையோடு சேர்ந்து எவ்வளவு நிலம் கைமாறும் என்பதற்கு உடன்படிக்கை சொன்ன அளவுகோல் விசித்திரமானது: ஒரு பீரங்கியின் ‘ரேண்டம் ஷாட்’ எட்டும் தொலைவு வரை. இன்று அச்சொல் குறியின்றிச் சுடுவதைக் குறித்தாலும், அக்காலப் பீரங்கிக்காரர்களின் வழக்கில் அது, குழலைக் கிடைமட்டமாக வைத்துச் சுடும் நேர்ச்சூட்டுக்கு மாறாக, குழலின் வாயை உயர்த்திக் குண்டை அதன் முழு வீச்சுக்கும் போகவிடும் சூட்டைக் குறித்தது. 1690 செப்டம்பரில், இதற்கெனச் சென்னையிலிருந்து கொண்டுவரப்பட்ட பித்தளைப் பீரங்கி ஒன்று கோட்டையிலிருந்து பல திசைகளிலும் சுடப்பட்டது. குண்டுகள் விழுந்த இடங்களுக்கு உட்பட்ட ஊர்கள் எல்லாம், கடலூர் நகரமும் சேர்த்து, கம்பெனிக்குச் சொந்தமாயின. மருந்தைக் கெட்டித்து அதிகப் பயன் கிடைக்கும்படி சுடுவது பீரங்கிக்காரரின் கைத்திறனைப் பொறுத்தது என்று கம்பெனியார் கருதியதில் வியப்பில்லை, ஏனெனில் ஒரு முழம் கூடுதலாகப் போன குண்டும் அவர்களுக்கு ஒரு முழம் கூடுதல் வரிநிலமாகவே இருந்தது.

அந்தக் குண்டுகள் ஏன் அங்கே விழுந்தன, இன்னும் தள்ளி ஏன் விழவில்லை என்ற கேள்விக்கு 1690இல் உலகில் எவரிடமும் சரியான விடை இருக்கவில்லை. பீரங்கித் தொழிலைக் கணிதமாக்க முயன்ற முதல் நூல்களில் ஒன்றான இத்தாலியர் தார்தாக்லியாவின் நூல் 1537இல் வெளிவந்தது. குண்டு முதலில் நேர்கோட்டில் சென்று, பிறகு சிறிது வளைந்து, இறுதியில் செங்குத்தாக விழுவதாக அது வரைந்து காட்டியது. நூறாண்டுகள் கழித்து, 1638இல், கலிலியோ அப்பாதை பரவளையம் என்று நிறுவினார். பரவளையம் என்பது எறியப்பட்ட பொருள் ஏறும்போதும் இறங்கும்போதும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம் போலமையும் வளைவு. காற்று இல்லாத வெளியில் மட்டுமே அது முழு உண்மை. கலிலியோ இதை அறிந்தே இருந்தார். வெடிமருந்தின் வேகத்தில் செல்லும் குண்டுக்குத் தம் கணக்குப் பொருந்தாமற் போகலாம் என்று எச்சரிக்கவும் செய்தார். அவருக்குப் பின்வந்த பீரங்கி நூலாசிரியர்களோ கணக்கை எடுத்துக்கொண்டு எச்சரிக்கையை விட்டுவிட்டார்கள். காற்று நீரைவிட எண்ணூறு மடங்குக்கு மேல் இலேசானது, இரும்புக் குண்டோ கனமானது, ஆகவே ஒன்றை மற்றொன்று பெரிதாகத் தடுக்காது என்பது பார்த்தவுடன் ஒப்புக்கொள்ளத்தக்க வாதமாகத் தோன்றியது. வால்மீனால் பெயர்பெற்ற எட்மண்ட் ஹாலியே, தேவனாம்பட்டினத்துப் பீரங்கி முழங்குவதற்கு நான்கே ஆண்டுகள் முன்பு, பெரிய கனத்த குண்டுகளில் காற்றின் எதிர்ப்பு புலப்படாத அளவே என்று எழுதினார்.

நியூட்டன் அவ்வாறு கருதவில்லை. 1687இல் வெளிவந்த ‘பிரின்கிப்பியா’வின் இரண்டாம் நூல் பெரும்பாலும் பாய்மங்களுக்குள் நகரும் பொருள்கள் சந்திக்கும் தடையைப் பற்றியது, வேகம் இரட்டித்தால் காற்றுத்தடை நான்கு மடங்காகும், அதாவது தடை வேகத்தின் இருமடிக்கேற்ப வளரும் என்ற விதியை அதில் அவர் தருவித்தார். லண்டன் புனித பவுல் பேராலயத்தின் விமானத்திலிருந்து கண்ணாடி உருண்டைகளை விழச்செய்து நேரத்தை அளந்த 1710ஆம் ஆண்டுச் சோதனை அவ்விதியை ஓரளவு உறுதிசெய்தது. ஆயினும் விழும் கண்ணாடி உருண்டையின் வேகம் எங்கே, பீரங்கிக் குண்டின் வேகம் எங்கே? கண்ணுக்குத் தெரியாமல் பறக்கும் ஒன்றின் வேகத்தை அளக்கும் கருவி கிடைக்காதவரை அந்த இடைவெளியைத் தாண்ட வழி இல்லை.

வழி கண்டவர் பெஞ்சமின் ராபின்ஸ். இங்கிலாந்தின் பாத் நகரில் 1707இல், போரையே பாவமெனக் கருதும் குவேக்கர் சமயப் பிரிவைச் சேர்ந்த எளிய குடும்பத்தில் பிறந்து, பெரும்பாலும் தாமாகவே கணிதம் கற்று, இருபது வயதில் ராயல் சொசைட்டியின் உறுப்பினரான இவர், வாழ்நாளின் சிறந்த உழைப்பைக் கொலைக்கருவிகளின் கணக்குக்குக் கொடுத்தது ஒரு முரண். வூல்விச்சில் 1741இல் தொடங்கப்பட்ட இராணுவக் கழகத்தில் ஆசிரியர் பதவிக்கு முயன்று கிடைக்காமற் போகவே, அதற்கென ஆயத்தம் செய்த பாடங்களை விரித்து, ‘பீரங்கிக்கலையின் புதிய கோட்பாடுகள்’ என்று பொருள்படும் நூலாக 1742இல் வெளியிட்டார். பதவி கிடைத்திருந்தால் இந்நூல் இவ்வளவு சீக்கிரம் வந்திருக்குமா என்பது ஐயமே.

நூலின் உயிர்நாடி ஒரு கருவி. மூன்று கால்களைக் கூட்டி நிறுத்திய தாங்கி, அதிலிருந்து தொங்கும் இரும்புத் தகடு, தகட்டின் முகத்தில் குண்டை வாங்கிக்கொள்வதற்கான தடித்த மரப்பலகை. ஆக மொத்தம் சுமார் 56 ராத்தல் எடையுள்ள ஊசல். பலகையின் அடிப்பகுதியில் ஒரு நாடா பொருத்தப்பட்டு, அது ஓர் இடுக்கின் வழியே தளர்வாகச் செல்லும். துப்பாக்கிக் குண்டு பலகையில் பாய்ந்து பதிந்ததும் ஊசல் பின்னோக்கி ஆடும். ஆடிய அளவுக்கு நாடா வெளியே இழுபட்டு அப்படியே நிற்கும். பரிசோதகர் செய்யவேண்டியது நாடாவின் நீளத்தை அளப்பது மட்டுமே. குண்டின் நிறையையும் வேகத்தையும் பெருக்கி வரும் உந்தம், மோதலுக்குப் பின் குண்டும் ஊசலும் சேர்ந்த உந்தத்துக்குச் சமம் என்பதால், மெதுவாக ஆடும் பெரிய பொருளிலிருந்து மின்னலாய்ப் பறந்த சிறிய பொருளின் வேகத்தைக் கணக்கிட்டுவிடலாம். இயங்கும் பொருளிடம் உள்ள வேலை செய்யும் திறனாகிய இயக்க ஆற்றல், உந்தத்தைப் போல அப்படியே பலகைக்கு மாறுவதில்லை என்பதையும் இங்கே கவனிக்கவேண்டும்: 56 ராத்தல் ஊசலில் ராத்தலில் பன்னிரண்டில் ஒரு பங்கு எடையுள்ள ஈயக் குண்டு பதியும்போது, குண்டு கொண்டுவந்த ஆற்றலில் ஏறத்தாழ எழுநூறில் ஒரு பங்குதான் ஊசலாட்டமாக மிஞ்சுகிறது. மற்றதெல்லாம் மரநார்களைக் கிழிப்பதிலும், ஈயத்தை நசுக்குவதிலும், உராய்வால் இரண்டையும் சூடாக்குவதிலும் செலவாகிவிடுகிறது.

ராபின்ஸ் அடுத்துச் செய்தது எளிமையானது. முக்கால் அங்குல விட்டமுள்ள அதே ஈயக் குண்டை, அதே அளவு மருந்தில், ஊசலிலிருந்து 25, 75, 125 அடித் தொலைவுகளில் நின்று சுட்டார். ஊசலை அடைந்தபோது குண்டின் வேகம் முறையே வினாடிக்கு 1,670, 1,550, 1,425 அடியாக இருந்தது. ஒவ்வோர் ஐம்பது அடிக் காற்றும் வினாடிக்கு 120 அடிக்கு மேல் வேகத்தைப் பறித்துக்கொள்கிறது. அந்த ஐம்பது அடியைக் கடக்கக் குண்டுக்கு ஆகும் நேரமோ வினாடியில் முப்பதில் ஒரு பங்கு. இவற்றிலிருந்து அவர் கண்ட விடை, குண்டைக் காற்று தடுத்த விசை சுமார் 10 ராத்தல், அதாவது குண்டின் எடையைப் போல 120 மடங்கு. பெரிய குண்டுகளில் புலப்படாத அளவு என்று ஹாலி சொன்ன தடை, சிறு குண்டில் இவ்வளவு.

இதே எண்களை ஆற்றல் கணக்காக எழுதினால் செய்தி இன்னும் தெளிவாகும். 1,670 அடி வேகத்தில் அந்தக் குண்டிடம் இருந்த இயக்க ஆற்றல் சுமார் 3,600 அடி-ராத்தல். ஓர் அடி-ராத்தல் என்பது ஒரு ராத்தல் எடையை ஓர் அடி உயரம் தூக்கச் செய்யும் வேலை. பத்து ராத்தல் தடையை எதிர்த்து நூறு அடி சென்றால் குண்டு செய்யும் வேலை 1,000 அடி-ராத்தல். ஆக, ஒரு பெரிய வீட்டின் வாசலிலிருந்து கொல்லைப்புறம் போய்ச் சேர்வதற்குள் குண்டு தன் ஆற்றலில் கால் பங்குக்கு மேல் காற்றுக்குக் கொடுத்துவிடுகிறது. காற்று அதை வைத்துக்கொள்வதுமில்லை. ஒதுங்கி வழிவிட்ட காற்றின் ஓட்டமாகவும், குண்டின் பின்னால் சுழலும் சுழிகளாகவும், காதைப் பிளக்கும் ஒலியாகவும் சிதறவிட்டு, இறுதியில் எல்லாவற்றையும் இளஞ்சூடாக மாற்றிவிடுகிறது.

பீரங்கிக் குண்டுக்கு நிலைமை சற்று மேல். காற்றுத்தடை குண்டின் முகப்பரப்பைப் பொறுத்தது, எடையோ கன அளவைப் பொறுத்தது. உருண்டை பெரிதாகப் பெரிதாக எடை, பரப்பை முந்திக்கொண்டு வளரும். ஐந்தரை அங்குல விட்டமுள்ள 24 ராத்தல் இரும்புக் குண்டின் மேல் அதே வேகத்தில் விழும் தடை 540 ராத்தலை எட்டினாலும், அது குண்டின் எடையைப் போல 22 மடங்கு மட்டுமே. மேல் என்றாலும் பரவளையக் கணக்கைக் கவிழ்க்க அது தாராளமாகப் போதும்: 45 பாகை சாய்வில் முழு மருந்தோடு சுட்ட 24 ராத்தல் குண்டு, காற்று இல்லாவிட்டால் 16 மைல் செல்லவேண்டும், உண்மையில் 3 மைலை எட்டுவதில்லை.

இந்த இரண்டு எண்களையும் தேவனாம்பட்டினத்தின் வரைபடத்தில் வைத்துப் பார்ப்பது சுவையானது. 1690இல் சுட்ட பீரங்கி ராபின்ஸ் கணக்கிட்ட அதே அளவுடையது என்று கொள்ளவேண்டியதில்லை. காற்றின் பங்கை உணர்வதற்காக மட்டும் இவ்வொப்பீடு. 3 மைல் ஆரமுள்ள வட்டத்தோடு ஒப்பிட்டால் 16 மைல் ஆரமுள்ள வட்டத்தின் பரப்பு 28 மடங்கு. கோட்டையிலிருந்து வடக்கே 13 மைல் தொலைவில் இருப்பது, 1674 முதல் பிரெஞ்சுக்காரர்கள் குடியேறியிருந்த புதுச்சேரி. காற்று மட்டும் குறுக்கே நிற்காதிருந்தால், ஆங்கிலேயரின் ‘விலைக்கு வாங்கிய’ நிலத்துக்குள் பிரெஞ்சுத் தலைநகரும் விழுந்திருக்கும். கர்நாடகப் போர்கள் என்று பாடநூல்கள் சொல்லும் சண்டைகள் அறுபது ஆண்டுகள் முன்னதாகவே பத்திரத் தகராறாகத் தொடங்கியிருக்கும்.

ராபின்ஸின் மற்றக் கண்டுபிடிப்புகளில் ஒன்று அவர் காலத்துக்கு மிக முந்தியது. குண்டின் வேகம் ஒலியின் வேகத்தை, அதாவது வினாடிக்குச் சுமார் 1,100 அடியை, நெருங்கித் தாண்டும்போது தடை நியூட்டனின் இருமடி விதியை மீறி ஏறத்தாழ மூன்று மடங்காக எகிறுவதை அவர் கண்டார். ஒலியை முந்தும் வானூர்திகளைக் கட்ட முனைந்த பொறியாளர்கள் இருபதாம் நூற்றாண்டில் மோதிக்கொண்ட சுவரை, தொங்கும் மரப்பலகையும் நாடாவும் கொண்டு ஒருவர் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே தொட்டுப் பார்த்துவிட்டார் என்று சொன்னால் மிகையாகாது. மெதுவான வேகங்களுக்கு அவர் வேறொரு கருவி செய்தார்: கீழிறங்கும் எடை ஒன்றால் சுழலும் நீண்ட கையின் நுனியில், ஒரே முகப்பரப்புள்ள ஆனால் வெவ்வேறு வடிவமுள்ள பொருள்களைக் கட்டிச் சுழற்றி, பட்டைக்கூம்பு கூர்முனையை முன்வைத்துச் செல்வதற்கும் அடித்தட்டை முன்வைத்துச் செல்வதற்கும் தடை வேறுபடுவதைக் காட்டினார். காற்றுத்தடைக்குப் பரப்பு மட்டும் போதாது, வடிவமும் கணக்கில் வரவேண்டும் என்ற அறிவு இங்கிருந்து தொடங்குகிறது.

காற்றைத் தவிர உராய்வும் அவர் கவனத்தில் இருந்தது. ஒன்றையொன்று தொட்டு நகரும் இரு பரப்புகளுக்கிடையே எழும் தடையே உராய்வு. அக்காலத் துப்பாக்கியில் குண்டு குழலைவிடச் சற்றுச் சிறியதாக இருந்தமையால், வெடித்த புகை பக்கவாட்டில் கசிந்து, குண்டு குழலின் ஏதோ ஒரு பக்கச் சுவரில் உராய்ந்தபடியே வெளியேறும். அந்த உராய்வு அதைச் சுழலச் செய்யும். சுழலும் குண்டின் ஒரு பக்கத்தில் காற்றும் பரப்பும் ஒரே திசையிலும் மறுபக்கத்தில் எதிரெதிர்த் திசையிலும் நகர்வதால் குண்டு நேர்ப்பாதையை விட்டு ஒதுங்கும் என்பது ராபின்ஸின் கருத்து. மெய்ப்பிக்க அவர் ஒரு துப்பாக்கிக் குழலின் நுனியை இடப்பக்கமாகச் சில பாகை வளைத்து, வரிசையாகத் தாள்திரைகளைத் தொங்கவிட்டுச் சுட்டார். முதல் திரைகளில் ஓட்டை எதிர்பார்த்தபடி இடப்பக்கம் விழுந்தது. தொலைவிலோ குண்டு வளைந்து வலப்பக்கம் போயிருந்தது. வளைந்த குழலின் வலப்பக்கச் சுவரில் உருண்டு வந்த குண்டு அந்தச் சுழற்சியைக் காற்றிலும் கொண்டுசென்றதே காரணம். சுழற்பந்து வீச்சாளர் எறிந்த பந்து காற்றிலேயே மிதந்து விலகுவதைப் பார்த்துப் பழகிய கிரிக்கெட் ரசிகருக்கு இது புதிதல்ல. ஆயினும் அவ்விளைவு இன்று ராபின்ஸின் பெயரால் அன்றி, 1852இல் அதை ஆராய்ந்த ஜெர்மானியர் மாக்னஸின் பெயராலேயே வழங்குகிறது. குழலுக்குள் சுருள்வரி வெட்டி, உராய்வையே ஏவலாளாக்கிக் குண்டைப் பறக்கும் திசையை அச்சாகக் கொண்டு சுழலவைத்தால் அது ஒதுங்காது என்றும், அத்தகைய சுரிகுழல் துப்பாக்கியை முதலில் முழுமையாகக் கையாளும் நாடு பிறரை வெல்லும் என்றும் அவர் 1747இல் எழுதினார். படைகள் அதைப் பரவலாக ஏற்க நூறாண்டு ஆயிற்று.

கணிதர் ஆய்லர் 1745இல் ராபின்ஸின் நூலை ஜெர்மனில் பெயர்த்து, மூலத்தைவிடப் பல மடங்கு நீளமான உரையெழுதினார்; குண்டு ஒதுங்குவதற்குச் சுழற்சி காரணமென்பதை மட்டும் அவர் ஏற்கவில்லை. உராய்வற்ற, அமுக்கமுடியாத பாய்மத்தில் சீரான வேகத்தோடு செல்லும் பொருளுக்குத் தடையே இருக்கமுடியாது என்ற விந்தையான முடிவைப் பிரெஞ்சுக் கணிதர் தலம்பேர் 1752இல் வெளியிட்டார். கணக்கில் பிழையில்லை, காற்றும் தடுக்காமல் இல்லை. முடிச்சை அவிழ்த்தவர் 1904இல் இயற்பியலர் லுட்விக் பிராண்ட்ல்: பொருளின் பரப்பை ஒட்டிய மெல்லிய காற்றுப் படலத்தில் உராய்வு சிறிதளவேனும் உண்டு, அப்படலம் பிரிந்து பின்னால் சுழியாவதிலிருந்தே தடையின் பெரும்பங்கு பிறக்கிறது. காற்றுத்தடை வேறு, உராய்வு வேறு என்று பிரித்தே பேசிவந்த மரபு அன்று முடிவுக்கு வந்தது.

தொலைந்த ஆற்றல் எங்கே போகிறது என்ற கேள்விக்கான விடையும் பீரங்கித் தொழிலிலிருந்தே கிடைத்தது. ராபின்ஸின் ஊசலைக் கொண்டு வெடிமருந்தை ஆராய்ந்த பெஞ்சமின் தாம்ப்சன், பின்னாளில் ரம்ஃபோர்டு பிரபு என்ற பட்டத்தோடு மியூனிக் ஆயுதசாலையை நடத்தியபோது, பீரங்கிக் குழலைக் குடையும் வேலையில் உலோகம் தகிப்பதைக் கண்டார். மழுங்கிய துளைக்கருவியைக் குதிரைகளால் சுழலச் செய்து, பெட்டியில் நிரப்பிய சுமார் 19 ராத்தல் நீரை நெருப்பே இல்லாமல் இரண்டரை மணி நேரத்தில் கொதிக்கவைத்து, 1798இல் அதை வெளியிட்டார். வெப்பம் ஒரு பொருளன்று, இயக்கத்தின் வேறு வடிவமே என்ற கருத்து வலுப்பெற்று, 1840களில் இயற்பியலர் ஜூலின் அளவீடுகளால் ஆற்றல் மாறா விதியாக நிலைபெற்றது.

இதற்கெல்லாம் நெடுநாள் முன்பே ராபின்ஸ் கடலூருக்கு வந்துவிட்டார். 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்ததும் தேவனாம்பட்டினமே கம்பெனியின் கிழக்குக் கரைத் தலைமையிடமாயிற்று. பிரெஞ்சு ஆளுநர் தூப்ளேயின் படைகள் அதையும் நெருக்கிப் பார்த்தன. சென்னை 1749இல் திரும்பக் கிடைத்தாலும், தங்கள் கோட்டைகள் பீரங்கிக்குத் தாங்காதவை என்பது கம்பெனிக்கு உறைத்துவிட்டது. பீரங்கியை நன்கறிந்தவரே அதற்கு எதிராகக் கட்டவும் தக்கவர் என்று, ராபின்ஸைத் தலைமைப் பொறியாளராக அமர்த்தினார்கள். வானியல் கருவிகளையும் பரிசோதனைக் கருவிகளையும் உடன் எடுத்துக்கொண்டு 1750 ஜூலையில் அவர் புனித டேவிட் கோட்டையில் வந்திறங்கினார். சென்னைக்கும் தேவனாம்பட்டினத்துக்குமான அரண் திட்டங்களை வகுத்துக்கொண்டிருக்கும்போதே, செப்டம்பரில் காய்ச்சல் பிடித்தது. தேறினார், மீண்டும் படுத்தார். 1751 ஜூலை 29 அன்று, கம்பெனிக்கு எழுதும் அறிக்கையின் நடுவே, எழுதுகோல் கையிலிருக்க இறந்தார் என்று சொல்லப்படுகிறது. வயது 44. ஒரு மாதம் கழித்துக் கம்பெனியின் படைத்தலைவர் கிளைவ் ஆர்க்காட்டை நோக்கிப் புறப்பட்டார். வரலாற்று நூல்கள் அவரோடு போய்விடுகின்றன.

காற்றுத்தடைச் சோதனைகள் உள்ளிட்ட ராபின்ஸின் எழுத்துகளை நண்பர் ஜேம்ஸ் வில்சன் இரண்டு தொகுதிகளாக 1761இல் லண்டனில் பதிப்பித்தார். கோட்டை அதுவரை நிற்கவில்லை. 1758இல் லாலியின் பிரெஞ்சுப் படை அதை முற்றுகையிட்டு, ஜூன் 2ஆம் நாள் பணியச் செய்து, பிறகு தகர்த்துவிட்டது. 1690இல் அக்கோட்டையிலிருந்து பறந்த குண்டுகள் வகுத்த எல்லையில் மட்டும், உப்பலவாடியின் பெயருக்கு முன்னால் ஒன்று இன்னும் விழுந்த இடத்திலேயே கிடக்கிறது.